பெண்ணையாறு என்று எழுதிய பை

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. சந்தேகம் என் அக்கா பிரின்சியின் கணவர் ஆண்டோ மாமா மீது. அவரும் இதைப் படிப்பார். குடும்பக் குரூப்பில்தான் போடப் போகிறேன். கையால் டைப் செய்தால் பயந்து அழித்துவிடுவேன். அதனால் போனில் பேசியே எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: குஜராத்தில் ஓர் ஆய்வகத்தில் எலிசா என்ற பெண்

வேண்டாம். எலிசா நான்தான்.

இரண்டாவது: கடலுக்கடியில் எண்ணெய் தேடுகிறவர்கள், அங்கிருக்கும் மணற்பாறையை எந்த ஆறு கொண்டுவந்து சேர்த்தது என்று கேட்பார்கள். அது தெரிந்தால் நல்ல மணல் வேறு எங்கே படிந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அதற்காக இன்றைய ஆற்று மணலையும் மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒப்பிடுவோம். (அம்மா, இதுதான் என் வேலை. "மண்ணு பாக்கவா அவ்ளோ தூரம் போன?" என்று மறுபடி கேட்காதே.)

2

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஆற்றில் மணல் எடுத்து அனுப்ப எங்கள் ஆய்வகத்தில் ஆள் தேடினார்கள். மாமா பெயரை நான்தான் கொடுத்தேன். பை வந்தது. மேலே "பெண்ணையாறு" என்று அவர் கையெழுத்து.

ஆற்றில் உருண்டு வந்த மணலுக்கு முனை கொஞ்சமாவது மழுங்கியிருக்கும். இதில் ஒவ்வொரு துகளும் கண்ணாடிச் சில்லு. கட்டட வேலைக்காகக் கல்லைக் கிரஷரில் உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போல இருந்தது. திண்டிவனத்தில் மாமா மாடி கட்டுகிறார். வீட்டு வாசலில் குவித்து

(இந்த வாக்கியத்தை முடித்தால் குற்றச்சாட்டு ஆகிவிடும்.)

3

போன் செய்தேன்.

"மாமா, மண்ணு ஆத்துலதான எடுத்தீங்க?"

"பின்ன, மளிகைக் கடையிலயா வாங்குவாங்க?"

"ஆத்துல எந்த எடம்?"

"என்னா பாப்பா, போலீஸ் மாதிரி கேட்டுக்கினு இருக்க?"

பின்னாலிருந்து அக்காவின் குரல். "போலீஸப் பத்திப் பேசாத எலிசா! பைக்ல ஒரு சாக்கு ஆத்து மண்ணோட வந்தா மணல் திருடன்னு வண்டியப் புடுங்கிக்கிறாங்க. அந்த பயத்துல இந்த மனுசன்..."

"ஏய், நீ ஜல்தி போய் அடுப்பப் பாரு!"

போன் கட்டாகிவிட்டது.

(ஆய்வகம் அவருக்கு அனுமதிக் கடிதம் கொடுத்திருந்தது, இங்கிலீஷில். ரோட்டில் வண்டியை நிறுத்துகிறவர் அதை நின்று படிப்பாரா? இப்போது ஆய்வகத்தின் மீதும் சந்தேகம்.)

4

முடிவு ஒன்று: எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு இனி இந்த வேலை வராது. சிபாரிசு செய்த என்னையும் வேலையை விட்டு அனுப்பிவிடலாம். அக்கா என்னோடு பேச மாட்டாள்.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். திண்டிவனத்துக் கல் பெண்ணையாறு என்ற பெயரில் ரிப்போர்ட்டில் ஏறும். அதை நம்பி யாரோ கடலில் தப்பான இடத்தில் துளை போடுவார்கள்.

முடிவு மூன்று: வழியில் பை மாறிவிட்டது. யாரும் தப்பு செய்யவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அதனாலேயே நம்பவில்லை.

5

பையைத் தனியே எடுத்து வைத்து, அதற்கான படிவத்தில் "ஆற்று மணல் அல்ல" என்று எழுதிவிட்டேன். துகள் சொன்னது அது. அதை மாற்ற மாட்டேன். அதற்குக் கீழே "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலையில் மேனேஜர் வந்து கேட்பார்.

ஆண்டோ மாமா, அந்தக் கட்டத்தில் நீங்கள் சொல்வதைத்தான் எழுதப் போகிறேன், உங்கள் பெயரைப் போட்டு, ஒரு வார்த்தை மாற்றாமல். "பயந்துட்டேன்" என்றாலும் எழுதுவேன். "பை மாறிப்போச்சு" என்றாலும் எழுதுவேன்.

எதை நம்புவேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.