வெடிப்பு இல்லை

மாந்தோப்புக்குள் அந்தப் பச்சை வண்டி நுழைந்ததும் மெர்சி கையிலிருந்த இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அன்பு, அது ஆர்.கே.பேட்டை வண்டிதானே?"

அவள் கணவன் அன்பு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அரசப்பன் ஐயாவோடதுதான். ஆனா ஓட்டிக்கினு வர்றது வீரராகவன் சாரு."

மாதக் கடைசி ஞாயிறு திருப்பாச்சூர் தாண்டி அந்தத் தோப்பில் கூடுவது அவர்கள் வழக்கம். குழுவில் அறுபது பேர் இருந்தார்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரி பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, துணிக்கூரை, ஐம்பது வயசுக்கு மேல். செய்த கம்பெனியை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. கடையில் பாகம் கிடைக்காது. மெக்கானிக்கிடம் போனால் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நம்மளால ஆவாது சார்" என்று மூடிவிடுவான். ஆகவே ஒருவருக்குத் தெரிந்ததை வைத்து இன்னொருவர் வண்டி ஓடியது. எந்த டிராக்டரின் வாட்டர் பம்ப் சீல் இதற்குச் சேரும், கிளட்ச் கேபிளை எங்கே கட்டித் தருவார்கள், எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வரும்.

மெர்சியும் அன்பும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் ஷெட்டில் கோழிகள் அடைந்துகிடந்த காரை, ஏலத்தில் பழைய இரும்போடு இரும்பாக எடுத்து வந்தார்கள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு வருஷம் அது வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. எங்கே தொட்டு எங்கே தொடங்குவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் வீரராகவன் வந்தார். திருவள்ளூரில் கட்டிட வேலை எடுத்துச் செய்பவர், குழுவை ஆரம்பித்தவரும் அவரே. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தன் வேனில் கருவிகளையும் பழைய மேனுவலின் நகலையும் போட்டுக்கொண்டு அவராகவே கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பிரித்தார். ஆறு ஞாயிறு அப்படி வந்தார். ஆறாவது ஞாயிறு இன்ஜின் உயிர்பெற்றபோது தெருவே கூடிவிட்டது. அன்று கோழிக்குழம்பு சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் சொன்னார்:

"நம்ம குரூப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான் மெர்சி. தெரிஞ்சதை மறைக்கக் கூடாது. மத்தபடி யார் வேணா வரலாம், எந்த ஊரா இருந்தாலும் சரி."

மெர்சிக்குத் தெரிந்தது வெடிப்பு. வார்ப்பட ஆலையில் அவள் பதினாலு வருஷமாகத் தரச் சோதனையில் இருக்கிறாள். இரும்பின் மேல் சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்துவிட்டுக் காத்திருப்பாள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்குள் புகுந்திருந்த சாயம் மெல்ல வெளியே கசிந்து சிவப்புக் கோடாக நிற்கும். பழைய கார்களில் இன்ஜினின் மேல்மூடி, அதாவது ஹெட், சூடேறி வெடித்துவிட்டால் வண்டி கதை முடிந்தமாதிரிதான். அதனால் குழுவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் ஹெட்டைக் கழற்றி அவள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தன் கைக்காசில் சாய டப்பா வாங்கி வைத்துக்கொண்டு பார்த்துக் கொடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஆரணிக்காரர் ஒருவருடைய ஹெட்டில் நீளமாக ஒரு வெடிப்பு வந்தது. எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்று அதைப் படமெடுத்து, வெடிப்பு எப்படி இருக்கும் என்று விளக்கிக் குழுவில் போட்டாள். வீரராகவன் அதற்கு மூன்று கைதட்டல் போட்டார்.

இந்தத் தை மாதம் அரசப்பனின் ஹெட்டைக் கொண்டுவந்ததும் அவர்தான். அரசப்பன் ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் விவசாயம் பார்ப்பவர். முப்பத்தைந்து வருஷமாக அந்தப் பச்சை வண்டியை வைத்திருந்தார். வைக்கோல் ஏற்றுவது தவிர மற்ற எல்லா வேலைக்கும் அதில்தான் போவார். வாட்ஸ்அப் பார்த்துப் பழக்கமில்லாததால் அவருக்கு எல்லாமே வீரராகவன் வழியாகத்தான். வண்டி சூடாகிறது, தண்ணீர் குறைகிறது என்றார்கள். மெர்சி இரண்டு தடவை சாயம் அடித்துப் பார்த்தாள். ஒரு கோடு இல்லை.

"வெடிப்பு இல்ல சார். அடியில வைக்கற கேஸ்கட்டுதான் எரிஞ்சிகீது. அதை மாத்துனா இன்னும் இருபது வருஷம் ஓடும். ஐயாகிட்ட சொல்லிடுங்க," என்றாள்.

"நானே நேர்ல போய்ச் சொல்லிடறேன்," என்றார் அவர்.

இப்போது தோப்பில் அந்த வண்டி பளபளவென்று வந்து நின்றது. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மெர்சி பக்கத்தில் போய், "ஐயா வித்துட்டாரா சார்?" என்று கேட்டாள்.

"வயசாச்சில்ல, வேணாம்னுட்டார்," என்றார் வீரராகவன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மெர்சிக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. நல்ல கைக்குப் போயிருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, கூட வேலை செய்யும் பெண்ணின் கல்யாணத்துக்கு அவளும் அன்பும் ஆர்.கே.பேட்டைக்குப் போனார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அரசப்பனைப் பார்க்காமல் போவதா என்று ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர் மனைவி கங்கம்மா கதவைத் திறந்தாள். பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. வா என்று சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "அந்த மெர்சி வந்துகீது," என்றாள்.

அரசப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். "இன்னாம்மா? இன்னும் இன்னா பாக்கி கீது? சாமானெல்லாந்தான் எடுத்துக்கினு போயிட்டாங்களே."

"ஐயா, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்கதானே வேணாம்னு வித்தீங்க?"

"நானா? நீதானேம்மா வெடிச்சிப்போச்சின்ன! இனிமே தேறாது, ஓட்டுனா நடுரோட்டுல நின்னுடும்னு நீ சொன்னியாம். ஃபோட்டோ குடுத்து அனுப்புனியே, அதைப் பாத்துதானே நானு கையெழுத்துப் போட்டேன். பழைய இரும்புக்குப் போவுற வெலைக்குத்தான் குடுத்தேன் நைனா," என்று கடைசியில் அன்புவைப் பார்த்து முறையிட்டார். "வண்டி போன அன்னிக்கி கங்கம்மா மூணு வேளையும் சாப்பிடல."

"ஃபோட்டோ கீதா ஐயா?"

கங்கம்மா உள்ளே போய், ஆர்.சி. புத்தகம் இருந்த பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். புத்தகம் இல்லை. மடித்த கலர் பிரிண்ட் ஒன்று மட்டும் இருந்தது. மெர்சி பிரித்தாள். வெள்ளைப் பொடியின் மேல் சிவப்பாக, நீளமாக, ஆற்று வரைபடம் போல ஒரு கோடு. ஓரத்தில் அவள் வீட்டு நீலப் பேசின். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவளுடைய கட்டைவிரல்.

அது ஆரணிக்காரருடைய ஹெட்.

யாரோ தன் கையைப் பிடித்து இழுத்து, தன் விரலாலேயே இந்தக் கிழவர் கண்ணைக் குத்தியது போலிருந்தது. போனில் பழைய படத்தைத் தேடி எடுத்தாள். தேதியைக் காட்டினாள். பிறகு தை மாதம் அரசப்பனின் ஹெட்டை எடுத்த படத்தையும் காட்டினாள். வெறும் வெள்ளை, ஒரு கீறல் இல்லை. ஹெட்டுக்குக் கீழே வைத்த சீட்டில் அவள் கைப்பட எழுதியிருந்தது: 'அரசப்பன் ஐயா, ஆர்.கே.பேட்டை. வெடிப்பு இல்லை.'

அரசப்பன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேரன் வந்து தேதியை உரக்கப் படித்துக் காட்டினான். பிறகு அவர், "ரெண்டு மாசமா உன்ன திட்டிக்கினு கீறேன்மா," என்றார். கங்கம்மா எழுந்து போய் மோர் கொண்டுவந்தாள்.

திரும்பும் வழியிலேயே திருவள்ளூரில் இறங்கினார்கள். வீரராகவன் வீட்டில்தான் இருந்தார். பிரிண்டைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். மறுக்கவில்லை. அதுதான் மெர்சியால் தாங்க முடியாததாக இருந்தது.

"அந்த வண்டி அவர்கிட்ட இருந்தா செத்துப்போயிருக்கும் மெர்சி. மாட்டுக் கொட்டாய் பக்கத்துல நிறுத்தி, கோணியப் போட்டு மூடி வச்சிருந்தார். ரெண்டு வருஷமா கேக்கறேன், குடுக்க மாட்டேன்னார். நான் அதைக் காப்பாத்தியிருக்கேன். நீயே பாத்தியே, எப்படி இருக்குன்னு."

"நான் சொன்னதா சொல்லிகீறீங்களே சார்."

"உன் பேரைச் சொன்னாத்தான் நம்புவார். குரூப்புல உன் வார்த்தைக்கு அவ்ளோ மதிப்பு." பாராட்டுவது போலவே சொன்னார்.

"திருப்பிக் குடுத்துடுங்க சார். யாருக்கும் தெரிய வேணாம். நானே ஓட்டிக்கினு போய் உட்டுட்டு வர்றேன்."

"பேர் மாத்தியாச்சும்மா. எவ்வளவு வேலை பண்ணியிருக்கேன் தெரியுமா அதுல? காபி குடிங்க."

அன்பு எழுந்துவிட்டான். "எங்க ஊட்டுத் தரையில உக்காந்து சாப்ட்டீங்க சார்," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே மெர்சி இரண்டு படங்களையும் தேதியோடு குழுவில் போட்டாள். நடந்ததை எழுதினாள். திட்டவில்லை. அறுபது பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் படித்ததாகக் காட்டியது. அரைமணி நேரம் கழித்து ஒருவர், 'சொந்தப் பிரச்சினைகளை இங்கே வேண்டாமே, சார் நமக்கு எவ்வளவோ செய்திருக்கிறார்' என்று எழுதினார். அதன் கீழ் பத்துப் பதினைந்து கைகூப்பல்கள். இன்னொருவர், 'மெர்சி மேடம், என் ஹெட்டை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரலாமா?' என்று கேட்டிருந்தார். அவள் பதில் எழுதுவதற்குள் அந்தக் குழு அவள் போனில் மூடிக்கொண்டது. நீக்கிவிட்டார்கள்.

அந்த வாரம் நாலு பேர் தனியாகக் கூப்பிட்டார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். ஸ்டீபன் என்பவர்தான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசினார்: "நீ சொல்றது நெஜம்னு எங்களுக்குத் தெரியும் சிஸ்டர். ஆனா வெளிநாட்டுலேர்ந்து பார்ட்ஸ் வர்றது அவர் மூலமாத்தானே? அவரைப் பகைச்சிக்கினா என் வண்டி நின்னுடும்."

"அரசப்பன் ஐயா வண்டி போனது பரவால்லயா?"

லைன் கட்டாகிவிட்டது என்பது போல ஸ்டீபன் போனை வைத்துவிட்டார்.

மெர்சி பல நாள் யோசித்தாள். அவளை அரித்தது, ஆறு ஞாயிறு அவர் தரையில் உட்கார்ந்திருந்தது பொய்யா என்ற கேள்விதான். பொய்யில்லை. சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை, இன்றைக்கும் அவர் சொன்னபடிதான் வண்டி ஓடுகிறது. முழுக்கக் கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அரசப்பன் போன் செய்தார். பேரன் மனு எழுதிவிட்டானாம், சாட்சி சொல்ல வருவாளா என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது. மெர்சி லீவு போட்டுவிட்டுப் போனாள்.

போலீஸ் ஸ்டேஷனில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு பெண் போலீஸ் எழுதிக்கொண்டாள். சாயம் என்றால் என்ன, வெடிப்பு என்றால் என்ன, ஹெட் என்றால் என்ன என்று பொறுமையாகக் கேட்டாள். மெர்சி விளக்கினாள். அரசப்பன் பக்கத்தில் கைகட்டி நின்றார். வண்டி திரும்பிவருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இழுக்கும் என்றுதான் சொன்னார்கள்.

"அந்த வீரராகவன் உங்களுக்கு என்ன ஆகணும்?" என்று கேட்டாள் பெண் போலீஸ்.

மெர்சி அரசப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சவர்னு போட்டுக்கட்டுமா?"

"இல்லம்மா," என்றாள் மெர்சி. "ஃபிரண்டுன்னு போடுங்க. அப்பத்தான் அவரு பண்ணது இன்னான்னு படிக்கறவங்களுக்குப் புரியும்."

பெண் போலீஸ் 'நண்பர்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொல்லி வாக்குமூலத்தைத் திருப்பி வைத்தாள்.