மயிலாத்தாளின் கை

வெளியே நீண்டிருக்கும் ஒரு கை, லாரிக் கதவுத் தகரத்தில் அடிக்கத் தயாராக, கண்ணாடி வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, பனிக்குள் மணிக்கட்டுவரைதான் தெரிகிறது, ஒரு அடி விழுந்தால் நில், இரண்டு விழுந்தால் போ, லாரிக்கார நாச்சிமுத்துவின் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் கிளீனர் சொல்லாமல் ஓடிப்போக, காந்தலூரில் பூண்டு மூட்டைகள் காத்துக் கிடக்க, நான் வாரனுங்க மாமா என்று புது மஞ்சள் கயிற்றோடு ஏறிக்கொண்டாள் மயிலாத்தாள், அன்று தொடங்கிப் பதினோரு வருசம் ஏற்றத்தில் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டது அவள், மழையில் தார்ப்பாய் இழுத்துக் கட்டியது அவள், அந்தக் கை இப்போது மகளின் காரில், ஓட்டும் அவனுக்கு இடப்பக்கம் மடியில் சும்மா கிடக்கிறது, முப்பதாவது கல்யாண நாளுக்கு, அந்த மலையில ஏறி எறங்கி ஒரு வரையாட்டக்கூட நின்னு பாத்ததில்லையேப்பா, அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க என்று மகள் சாவியைத் தந்தாள்.

பார்த்தாயிற்று, நேற்று பாம்பாடும்சோலை, இன்று காலை இரவிகுளம் வரையாட்டுப் பூங்கா, பார்த்தது அவள்தான், அவனுடைய இடது கண் போன தீபாவளிக்கு ஓரம் கருத்தது, இப்போது கரி பூசிய கண்ணாடி, யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள், மூட்டை தூக்கிய முதுகு எப்போதோ போய்விட்டது, வண்டியும் இல்லையென்றால் நாச்சிமுத்து என்று எதைச் சொல்வது, இன்னும் கொஞ்ச தூரத்தில் இறக்கம் தொடங்கும், மறையூர், சின்னாறு, வளைவுகள் எல்லாம் காலுக்கே தெரியும், தலையாறு வளைவில் அன்று பஸ்ஸுக்கு வழிவிட லாரியைப் பின்னால் எடுக்கிறான், பட்டென்று ஒரு அடி, இன்னும் ஓரடி போகும்டி என்று கத்திக்கொண்டு இறங்கிப் பார்க்கிறான், பின் சக்கரம் பாதி காற்றில், அவள் ஆறு மாசத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், டீ குடிக்கலாமுங்களா என்கிறாள்.

அதோ வரையாடுங்க மாமா, இந்த எடப்பக்கம், பாறை மேல, குட்டியோட நிக்குது பாருங்க. பாத்தேன் பாத்தேன். குட்டி என்ன நெறமுங்க. ஆட்டு நெறந்தான், சித்த வெளுப்பு. ஒரு வளைவு கழிந்தது, இன்னொன்றும் கழிந்தது, அங்க பாறையே இல்லீங்க மாமா என்றாள், காலையில பூங்கா பஸ்ஸுல ஆடு சன்னலுக்கே வந்து மோந்துச்சு, அத்தன சனமும் எந்திரிச்சுது, நீங்க முன்சீட்டுக்காரன் மண்டையப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. அவனுக்குக் காது சுட்டது, முப்பது வருசம் ஒரு கீறல் விழாம ஓட்டுனவன், எனக்கே பரீட்சை வெக்கிறயாடி. மொறைக்காதீங்க, எந்தக் கண்ணுல மொறைக்கிறீங்க அத மொதல்ல சொல்லுங்க.

அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான், வீம்புக்குத்தான், கண்ணாடி இறங்கும் சத்தம், உள்ளே பனி, கதவில் பட்டென்று ஒரு அடி, மனசு யோசிப்பதற்குள் கால் பிரேக்கில் இருந்தது, வண்டி டீக்கடை ஓரத்து அகலமான இடத்தில் ஏறி நின்றது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, இறக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது, உடுமல பஸ்ஸு பின்னால வருமுங்க, காரை மாப்பிள்ள நாளைக்கு வந்து எடுத்துக்கட்டும் என்றாள், அவன் கால் இரண்டாவது அடிக்காகக் காத்திருந்தது, அடித்துவிடுவாள், பயமுறுத்திவிட்டு அடித்துவிடுவாள், லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் இறங்கிப் போனது, அடி விழவில்லை, டீ குடிக்கலாமுங்களா என்றாள், அவன் இஞ்சினை அணைத்துச் சாவியை உருவினான், தலையை முழுதாக இடப்பக்கம் திருப்பிய பிறகுதான் அந்தக் கை தெரிந்தது, பனியிலிருந்து உள்ளே வந்து, உள்ளங்கைக் காய்ப்பு மேலே தெரிய விரித்தபடி, எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டிருந்தாளோ.