கேதகிக்கு விழுந்த கம்பெனி

கேதகி சப்னிஸ் எங்கள் ஆபீசுக்கு வந்த அன்று பிரிண்டர் படுத்து மூன்று நாளாகியிருந்தது. புனேயிலிருந்து ஆள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் முதுகில் பையோடு ஒரு பெண் வாசலில் நின்று, "புனேயிலிருந்து வர்றேன் சார்" என்றதும், எங்கள் நிதிப் பிரிவின் தலைவர் மேத்ரே சாஹேப் அவளைக் கையோடு கூட்டிப்போய் பிரிண்டர் முன்னால் நிறுத்தினார்.

அவள் ஒரு நிமிடம் திகைத்தாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு மூடியைத் திறந்து, உள்ளே கசங்கிக் கிடந்த காகிதத்தை உருவினாள். மெஷின் கனைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"பலே! பில்ல யார் பேருக்குப் போடணும்?" என்றார் மேத்ரே.

"சார், நான் எம்.பி.ஏ. படிக்கிறேன். இங்க ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப். காலேஜ்லேருந்து மெயில் அனுப்பியிருந்தாங்களே?"

"பிரிண்டர் ஓடினாத்தானேம்மா நான் மெயில் படிக்கமுடியும்?"

நான் வசுதா கோலேகர். கோலாப்பூரில் இந்த பம்ப் கம்பெனியில் பதினாறு வருடமாக உற்பத்திச் செலவுக் கணக்கு பார்க்கிறேன். அவளுக்கு என் எதிர் மேஜையைக் கொடுத்தார்கள். அதனால் அந்த முகம் நாளுக்கு நாள் சுருங்கியதை வேலை நேரம் முழுக்க நான்தான் பார்க்கவேண்டியிருந்தது.

வகுப்பில் அறுபது பேராம். எல்லாரும் மும்பை வங்கிகளுக்குத் தவம் கிடந்தார்கள். இவள் கண்ணாடி முன்னால் நின்று பேட்டிக்குப் பேசிப் பழகியிருந்தாள். பட்டியல் வந்தபோது அவள் பெயருக்கு நேராக 'கோலாப்பூர், பம்ப்' என்றிருந்தது. அவள் சிநேகிதன் ருத்விக்குக்கு மும்பை கிடைத்துவிட்டது. இருபத்து மூன்றாம் மாடியிலிருந்து கடலைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தான். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவாள்.

மூன்றாம் நாள் மேத்ரேயிடம் போனாள். "சார், நம்ம கம்பெனிக்குச் சந்தையில என்ன மதிப்புன்னு கணக்குப் போட்டுத் தரட்டுமா?"

"ஏம்மா, யாராவது விலைக்குக் கேட்டாங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டார் அவர். பிறகு யோசித்து, அவளுக்கு ஒரு டெலிபோனைக் கொடுத்தார்.

அதன் கதை இது. ஜூலைக் கடைசியில் எங்கள் பங்குதாரர்களின் வருடாந்தரக் கூட்டம். வருகிறவர்களுக்கு ஒரு பலகார டப்பா கொடுப்பது வழக்கம்: கச்சோரி, பாலுஷாஹி, ஒரு பொட்டலம் காரப்பொரி. போன வருடம் ஆயிரத்து நூறு பேர் வந்தார்கள். சேர்மன் வரவேற்புரையை முடிப்பதற்குள் டப்பாவோடு ஆயிரம் பேர் போய்விட்டார்கள். அந்தக் கோபத்தில் இந்த வருடம் டீ மட்டும் என்று நோட்டீசில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. எடுத்து எடுத்து 'இல்லை' என்று சொல்வதுதான் கேதகியின் வேலை.

"டப்பா இல்லையாமே, நெசமா?"

"ஆமா சார்."

"நான் பத்து ஷேர் வச்சிருக்கேன். இந்தக் கம்பெனிக்கு நானும் ஓனரும்மா. ஓனருக்கு ஒரு கச்சோரிக்கு வக்கில்லையா?"

ஒரு நாளைக்கு இப்படி அறுபது ஓனர்கள். வெள்ளிக்கிழமை அவள் கண் சிவந்து வந்ததைப் பார்த்து, கான்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"ரிப்போர்ட்ல என்ன மேடம் எழுதறது? கச்சோரி கேட்டவங்க இத்தனை பேர், பாலுஷாஹி கேட்டவங்க இத்தனை பேருன்னா?"

நான் இன்னொரு டீ சொன்னேன்.

திங்கட்கிழமை ஒரு தடிமனான நோட்டோடு வந்தாள். "ரெண்டு மாசமும் அழுதுட்டிருக்க முடியாது மேடம். கூப்பிடறாங்கல்ல, நானும் ஏதாவது கேக்கறேன்" என்றாள். முதல் போன் வந்தது. டப்பா இல்லை என்று சொல்லிவிட்டு, "அத விடுங்க காகா. கம்பெனியப் பத்தி வேற என்ன கேக்கணும் உங்களுக்கு?" என்றாள்.

இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. மனுஷர் நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை.

இந்தப் பக்கத்தில் எங்கள் பங்கை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் கரும்பு விவசாயிகள். எங்கள் பம்ப்தான் அவர்கள் கிணற்றிலும் கிடக்கிறது. இது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் பங்குதாரர் கடிதம் மாடியிலிருக்கும் எங்களுக்கு வரும், பம்ப் புகார் தொழிற்சாலைக்குப் போகும். இரண்டும் ஒரே ஆள் எழுதியது என்று யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஷிரோல் பக்கத்து அக்காதாயி சௌகுலே கூப்பிட்டபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் கேட்டிருக்கும்.

"என்ன கேக்கணுமா? கேக்கறேன், நீ ஓடிறாதே. உங்க மோட்டார் என் கெணத்துல ரெண்டு தடவ காயில் எரிஞ்சிருச்சு. ரெண்டு தடவையும் மே மாசம். பயிர் காயுது, உங்க சேர்மன் வருஷக் கணக்குப் புத்தகத்துல பல்லக் காட்டிட்டு நிக்கறாரு!"

"என்ன மாடல்ங்க? எப்ப வாங்கினீங்க? மே மாசம் கரண்ட் எப்படி இருக்கும்?"

"கரண்டா? பல்பு மின்மினிப்பூச்சி மாதிரி இருக்கும். நீ யாரு, மெக்கானிக்கா?"

"இல்லக்கா. ஃபைனான்ஸ்."

"ஃபைனான்சுக்காரி கரண்டக் கேக்கறா! கலி முத்திப்போச்சு."

இதே புகார் அடுத்த வாரம் நாலு பேரிடமிருந்து வந்தது. அதற்கடுத்த வாரம் ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அக்காதாயியின் கிணற்றைப் பார்க்கப் போனாள் கேதகி. துப்பட்டாவெல்லாம் கரும்புச்சாறாகத் திரும்பி வந்தாள். பிறகு வாரண்டி பிரிவின் ரிஜிஸ்டர்களைத் தூக்கி வந்து மூன்று நாள் அதில் தலையை விட்டிருந்தாள். அவள் சிரித்துக்கொண்டே வேலை செய்ததை முதல் முறையாக அப்போதுதான் பார்த்தேன்.

நான்காம் நாள் மதியம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். சிரிப்பைக் காணோம்.

"மேடம், இத நீங்கதான் முதல்ல பாக்கணும்."

அறுபத்தோரு பம்ப் எரிந்திருந்தது. அதில் ஐம்பத்திரண்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் ஸ்டார்ட்டர் பெட்டியை மாற்றியதற்குப் பிறகு விற்றவை. பழைய பெட்டி கரண்ட் இறங்கினால் தானாக மோட்டாரை நிறுத்திவிடும். புதுசு நிறுத்தாது. எரியவிடும். ஆனால் விலை குறைவு. அந்த மலிவுப் பெட்டிக்கு மாறலாம் என்று கணக்குப் போட்டுச் சிபாரிசு செய்தது நான்தான். அதற்குக் கம்பெனி கொடுத்த பாராட்டுப் பத்திரம் என் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமலிருக்கப் படாதபாடு பட்டாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ரெண்டு மாசத்துக்கு வந்த பெண்ணுக்கு இது தேவையா என்று தோன்றியது. அப்புறம் மேஜையில் அவள் பரப்பிய காகிதங்களைத் தவறு கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் படித்தேன். கூட்டல் சரி. பெருக்கல் சரி. ஒரே ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லல மேடம்" என்றாள் மெதுவாக.

"சொல்லாம இருந்தா அடுத்த மே மாசம் இன்னும் ஐம்பது எரியும். வா" என்று எழுந்தேன்.

மேத்ரே சாஹேப் முழுதும் கேட்டார். "அப்போ பெட்டியில மிச்சம் பிடிச்சதெல்லாம் வாரண்டியில போயிருச்சா?"

"அதுக்கு மேலயும் போயிருக்கு சார்" என்றேன்.

"பங்குதாரர் கூட்டத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. இத இப்பவா கொண்டு வருவீங்க?" என்று தலையில் கைவைத்தார். ஆனால் எழுந்து எங்கள் இருவரையும் மேனேஜிங் டைரக்டரிடம் கூட்டிப்போனார். அவர் காகிதங்களைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். பிறகு, "இதக் கண்டுபிடிச்சது யாரு?" என்றார்.

"அந்த பிரிண்டர் பொண்ணு சார்" என்றார் மேத்ரே.

கூட்டத்தன்று மேத்ரேக்கு வேறு பயம். டப்பா இல்லாவிட்டால் சட்டப்படி வேண்டிய முப்பது பேர்கூட வரமாட்டார்கள் என்று மைத்துனன், சகலை, பக்கத்து வீட்டுக்காரர் என்று பங்கு வைத்திருந்த ஒவ்வொருவரையும் காலை எட்டு மணிக்கே பிடித்துவந்து முன்வரிசையில் உட்கார்த்தியிருந்தார். பத்து மணிக்கு மண்டபத்தில் நானூறு பேர். கேதகி போனில் எல்லாரிடமும், "கேள்வியோட வாங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். எல்லாரும் கேள்வியோடு வந்திருந்தார்கள்.

அக்காதாயி எரிந்த காயிலை மஞ்சள் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஒன்பது கஜச் சேலையைக் கச்சமாக இழுத்துச் செருகிக்கொண்டு அவர் மைக்கை நோக்கிப் புறப்பட்டபோதே டைரக்டர் முந்திக்கொண்டார். தப்பு நடந்துவிட்டது, இரண்டு வருடமாக விற்ற பம்ப் ஒவ்வொன்றுக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியை இலவசமாக மாற்றித் தருகிறோம், எரிந்ததற்குப் புது மோட்டார் என்று அறிவித்தார்.

அக்காதாயி பாதி வழியில் நின்றுவிட்டார். "இது என்னய்யா அநியாயம்? விடியக்காலம் பஸ் ஏறி சண்டைக்குன்னே வந்திருக்கேன். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா நான் என்னத்தப் பேசறது?"

மண்டபம் சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை. மூன்று மணி நேரம் கேள்வி நடந்தது. விடை தெரியாதபோதெல்லாம் டைரக்டர் கேதகியின் நோட்டை எட்டிப் பார்த்தார்.

கல்லூரியில் ரிப்போர்ட்டைப் பார்த்த வெளித் தேர்வாளர், "இதுல ஃபைனான்ஸ் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாராம். பி பிளஸ் போட்டார். ருத்விக்குக்கு ஏ. அவன் இரண்டு மாதமும் செய்தது, வங்கியின் சின்னம் எல்லாப் பக்கத்திலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்த்ததுதான் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

டிசம்பரில் எனக்கு போன் செய்தாள். மும்பை வங்கி இரண்டாவது சுற்றில் கழித்துவிட்டதாம். "பம்பப் பத்தி அளவுக்கு மீறிப் பேசிட்டேன் மேடம்" என்று சிரித்தாள். நாசிக்கில் டிராக்டர் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டதாம்.

"சம்பளம்?"

"மும்பையில பாதி. அம்மா ரெண்டு நாளா பேசல."

"உனக்கு எப்படிடி இருக்கு?"

"எனக்கா?" என்றாள். பிறகு கல்யாணத்துக்கு நகை போட்டதைச் சொல்கிற குரலில் சொன்னாள்: "பாத்துக்கறதுக்கு நாலு தாலுகா குடுத்திருக்காங்க மேடம். நாலும் எனக்கே."