மஞ்சள் தோய்ந்த பாசி

பேருந்துப் புகைக் கரி பட்டால் தோல் செல்கள் அழற்சி கண்டு வீங்கும். மண்டபம் கடற்கரையில் அள்ளிய பழுப்புப் பாசியின் சாறு அதைத் தணிக்குமா என்பதே ஸுபத்ராவின் ஆய்வு. நாள்தோறும் ஸ்ரீபெரும்புதூர் பேருந்தில் வேலைக்குப் போய்வரும் கணவன் ராமானுஜின் கைக்குட்டை மாலையில் கறுத்திருப்பதைப் பார்த்துத்தான் அவள் இதில் இறங்கினாள். அன்று ஆய்வகத்தில், சாறு சேர்த்த செல்களில் அழற்சி அநேகமாக அடங்கியே போயிருந்தது.

"மாநாட்டுல இதையே வாசிச்சுடும்மா," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் அஜிதநாதன்.

பூரிப்போடு சின்னக் காஞ்சிபுரத்து வீட்டின் மாடிக்கு ஏறியவள், பாசி உலர்த்திய வெள்ளைத் துணியில் மஞ்சள் கறையைக் கண்டு நின்றாள்.

"அம்மா, இது என்ன?"

"மீன் நாத்தம் குடலைப் பிடுங்கித்து. பெருமாளுக்குத் தளிகை பண்ணி அமுது படைக்கிற ஆத்துல இதெல்லாம் ஆகுமா? நீ எடுத்துண்டு போறதுக்கு முன்னாடியே மஞ்சத் தண்ணில முக்கி எடுத்துட்டேன்," என்றாள் மாமியார் அம்ருதவல்லி.

"அது பாசிம்மா. சுத்த சைவம்."

"வைஷ்ணவாளாத்துல ஏது சைவம்? மரக்கறின்னு சொல்லு."

ஸுபத்ராவுக்குச் சிரிப்பு வந்தது. கறை பட்ட துணியைக் கையில் எடுத்ததும் அது நின்றது. மஞ்சளே அழற்சியைத் தணிக்கக்கூடியது. அப்படியானால் செல்களைக் காத்தது பாசியா, மாமியாரின் ஆசாரமா?

"எல்லாத்தையும் முக்கிட்டேளா?"

"ஒரு மூட்டை பாக்கி. மஞ்சப்பொடி தீந்துடுத்து. கொல்லையில தள்ளி வெச்சிருக்கேன்."

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தக் கறுத்த கைக்குட்டைக்குப் பொய்யான விடை எதற்கு? மறுநாள் பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"கட்டுரையில மாமியார் பேரையும் சேர்த்துடலாமா? சரி, அந்த மூட்டையைக் கொண்டாம்மா. மறுபடியும் பார்ப்போம்."

மஞ்சள் காணாத பாசியின் சாறும் அழற்சியைத் தணித்தது. முன்போல அல்ல, பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான். கரி மட்டும் பட்ட செல்களோ வீங்கியே கிடந்தன. தணிந்த அளவு சிறிதென்றாலும் அது பாசிக்கே உரியது. மாநாட்டில் அதையே வாசிப்பதென்று முடிவாயிற்று. மஞ்சள் பட்டால் ஆய்வு கெட்டுப்போகும் என்று ஸுபத்ரா மாமியாரிடமும் சொல்லிவைத்தாள்.

அடுத்த மூட்டை மண்டபத்திலிருந்து வந்திறங்கிய அன்று, ஸுபத்ரா மாடிக்குப் போனபோது அம்ருதவல்லி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கழியால் பாசியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிட்ட வராதே, காயட்டும். மஞ்சள் தொட்ட கையை நன்னா அலம்பிண்டுதான் வந்திருக்கேன்," என்றாள்.