கறுப்படித்த ஏழாம் பக்கம்

நானூற்றுப் பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு தகவல் ஆணையத்திடமிருந்து பதில் வந்தது. கண்ணாடித் தொழிற்சாலையின் பென்ஷன் திட்டத்தை மூடியது பற்றிய கோப்பினை ஒரு மணி நேரம் பார்க்கலாம். மனுதாரருக்கு மட்டும் அனுமதி. நகல் கிடையாது. பென்சிலால் குறிப்பெடுக்கலாம்.

மனுதாரர் நான். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். படித்த பெண், இவள் எழுதட்டும் என்று அப்பாவின் உலைக்கூடத்து நண்பர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். வாய் திறந்து கேட்பதுதான் எனக்கு வராது. எழுதிக் கேட்பது பரவாயில்லை.

கேட்டது ஒன்றுதான். மூடும் தீர்மானத்தில் பென்ஷன் குழுவின் தொழிலாளர் தரப்பு உறுப்பினர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? போடவில்லை என்றால் திட்டத்தை மூடியது செல்லாது. போட்டிருந்தால் தொழிலாளர்கள் முந்நூறு பேருக்கும் இனி வழியில்லை.

அந்த உறுப்பினர் அப்பாதான். "நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவே இல்ல" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அது உண்மை. எரிகிற உலையை விட்டு அவரால் நகர முடியாது. உறுப்பினராக இருந்த ஆறு வருடத்தில் ஒரு கூட்டத்துக்கும் அவர் போனதில்லை.

ஆணையத்தின் நடைபாதை பெஞ்சில் அப்பாவும் மீட்டர் மாமாவும் உட்கார்ந்தார்கள். உலையின் சூட்டு மீட்டரையே முப்பது வருடம் பார்த்திருந்ததால் மாமாவுக்கு அந்தப் பெயர்.

"உங்கப்பனைப் பாரு, ரிசல்ட்டுக்கு உக்காந்த பையன் மாதிரி" என்றார் மாமா. "டேய், கூட்டத்துக்கே போகாதவனுக்கு என்னடா பயம்?"

அப்பா சிரிக்கவில்லை.

உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. எழுத்தர் அம்மா எதிரில் உட்கார்ந்து பக்கங்களைத் திருப்பினார். நான் தொடக் கூடாது.

ஏழாம் பக்கம் தீர்மானம். அடியில் நான்கு கையெழுத்துகள், நான்கின் மேலும் தடித்த கறுப்புக் கோடு.

"தனிப்பட்ட விவரம். வெளியில தெரியக் கூடாது" என்றார்.

"இதைத்தானே கேட்டோம்..." என்றேன்.

"புரியுதும்மா. நான் தாள் திருப்புற ஆளு."

தாளை அளந்து பார்ப்பதுபோல் பார்த்தேன். மேல் வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி இருந்தது. கீழே வரவர நெருக்கம். கடைசி மூன்று வரிகள் கையெழுத்துகள்மீது இடித்துக்கொள்ளாமல் எப்படியோ திணிக்கப்பட்டிருந்தன. நான்காவது கறுப்புக் கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அதன் அடியில் இரண்டு புள்ளிகள்.

பன்னிரண்டு வருடம் என் மதிப்பெண் அட்டைகளில் அந்தப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறேன்.

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கே" என்றார் எழுத்தர் அம்மா.

"போதும்."

வெளியே வந்ததும் மாமா எழுந்தார். "என்னம்மா, நம்ம ஆள் கையெழுத்து இருக்கா?"

"எல்லாத்துலயும் கறுப்பு அடிச்சிருக்கு மாமா."

"பாத்தியா, இருந்தா காட்டியிருப்பான். இல்லாததைத்தான் மறைக்கிறான். நாளைக்கே மேல்முறையீடு. நீயே எழுதிடும்மா."

அவர் போனை எடுத்து எண்ணைத் தேடினார். மற்றவர்கள் காத்திருப்பார்கள். தடுக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்பா என்னையே பார்த்தார். "அடியில ரெண்டு புள்ளி இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா."

"என்ன புள்ளி?" மாமாவின் விரல் போன்மீது நின்றது.

அப்பா தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் கிளார்க் உலைக்கே தாளைக் கொண்டு வருவான். உள்ள கண்ணாடிச் சரக்கு கொதிக்கும். கையுறையைக் கழட்டிட்டு, கேட்ட இடத்துல போட்டுக் குடுப்பேன். எதுக்குன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல." மாமாவின் பக்கம் திரும்பினார். "அது என் கையெழுத்துதான்டா. வெறும் தாள்ல போட்டது."