திருத்தச் சீட்டு

அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீள மேஜையின் தலைமாட்டில் இருக்கும் நாற்காலி எங்கள் வக்கீல் ஆபீஸை ஆரம்பித்தவருடையது. அவர் போன நாளிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை. அதற்கு வலப்பக்கம் அவருடைய பேரன். அவரைத்தான் நாங்கள் பெரியவர் என்போம். இடப்பக்கம் பெரியவரின் மகன், சின்னவர். சின்னவருக்கு அடுத்தவர் எனக்கு மூத்த ஜூனியர். முதுகுக்குப் பின்னால் அவரை ஆமாம்சாமி என்போம். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்கு அடுத்து நான். ஏழு வருடத்தில் இரண்டு நாற்காலி முன்னேறியிருக்கிறேன். கதவோரம், மேஜையோடு சேராத மர ஸ்டூலில், தலைமை குமாஸ்தா காலண்டர் ஐயா. அவர் மடியில் தேதிப் புத்தகம்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆபீஸில் எந்த வழக்குக்கு எந்தக் கெடு என்பதை நாங்கள் சீட்டில் எழுதிக் கொடுப்போம். ஐயா ஒருவர் மட்டுமே அதைப் புத்தகத்தில் ஏற்றலாம். மாதக் கடைசித் திங்கட்கிழமை, அடுத்த மாதத் தேதிகளை அவர் உரக்கப் படிப்பார். படிக்கும்போது யாரும் குறுக்கிடக் கூடாது. தவறு கண்டால் திருத்தச் சீட்டு எழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டு அடுத்த திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும். யாருடைய தவறு என்றும் சொல்லப்படும்.

வீட்டைக் காலி செய்யச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து எங்கள் கட்சிக்காரி தையலக்கா செய்ய வேண்டிய மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் இந்த மாதம் ஒன்பதாம் தேதி. என் சீட்டில் ஒன்பது என்றுதான் எழுதியிருந்தேன். போன மாதக் கடைசித் திங்கட்கிழமை ஐயா அதைப் "பத்தொன்பது" என்று படித்தார். புத்தகத்தை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்திருந்தார். கண்ணில் புரை விழுந்திருப்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை; ஆனால் நான் அடுத்த நாற்காலிக்காரி, எனக்குத் தெரியும்.

அன்றைக்கே திருத்தச் சீட்டு எழுதினேன். தேதி போட்டேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை. நாற்பது வருடம் தவறாமல் எழுதியவரை எல்லோர் முன்னாலும் எப்படி நிறுத்துவது? நானே ஒன்பதாம் தேதிக்குள் தாக்கல் செய்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன்.

ஐந்தாம் தேதி சின்னவரோடு வெளியூர் வழக்குக்குப் போகச் சொன்னார்கள். அங்கே சாட்சி விசாரணை இழுத்துக்கொண்டே போனது. எட்டாம் தேதி ஆமாம்சாமிக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, தையலக்கா பேப்பர் என் டிராயர்ல ரெடியா இருக்கு. நாளைக்குத்தான் கடைசி. போட்டுடுங்க."

"புத்தகத்துல பத்தொன்பதுன்னு இருக்கேம்மா."

"தப்பா ஏறியிருக்கு, அண்ணே."

"திருத்தச் சீட்டு குடுத்தியா?"

"இல்ல."

"அப்ப பத்தொன்பதுதான். புத்தகத்தை மீறி நான் ஒண்ணு போட்டா பெரியவர் என்னைத் தோலை உரிச்சிடுவார். வந்து நீயே பேசிக்கோ."

மேலே வாதாடவில்லை. வாதாடுவதுதான் என் தொழில். பன்னிரண்டாம் தேதி திரும்பி வந்து, கெடு தவறிப்போனதைப் பெரியவரிடம் சொன்னேன். பதின்மூன்றாம் தேதி இந்தக் கூட்டம்.

ஐயா எழுந்து நின்றார். "சீட்டுல ஒன்பதுன்னு இருக்குங்க. புத்தகத்துல பத்தொன்பதுன்னு எழுதினது என் கைதான்."

"உக்காருங்க," என்றார் பெரியவர். "இந்தப் புத்தகம் தொண்ணூறு வருஷத்துல ஒரு தேதி தவறினதில்ல. இனிமேயும் தவறாது."

"தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாங்க," என்றேன். "நாலு நாள்தான். நம்ம ஆபீஸ் தப்புன்னு பிரமாணப் பத்திரம் குடுத்தா கோர்ட்டு ஏத்துக்க வாய்ப்பிருக்கு."

"குடுக்கிறது யாரு? நீயா, நானா?" என்றார் பெரியவர்.

"ஆமாம், அதெப்படி," என்றார் ஆமாம்சாமி.

பெரியவர் என் பக்கம் ஒரு காகிதத்தைத் தள்ளினார். "கட்சிக்காரிக்கு எழுதிடும்மா. மேல்முறையீடு செய்றதுல பயனில்லைன்னு நம்ம அபிப்பிராயம். அவ்வளவுதான். உன் கையெழுத்துல போகட்டும்."

அந்தக் கடிதம் போனால் தையலக்கா நம்பிவிடுவாள். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிடுவாள். முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் படுத்த படுக்கையாகப் புருஷன். அந்த இரண்டு அறைதான் அவளுக்கு எல்லாம். முதல்முறை அவள் வீட்டுக்குப் போனபோது என் கறுப்புக் கோட்டின் கையை இழுத்துப் பார்த்து, "என்ன வக்கீலம்மா, எலி கடிச்ச மாதிரி இருக்கு? கழட்டு கழட்டு, இதைப் போட்டுட்டுப் போனா ஜட்ஜு உனக்கே ஜாமீன் குடுத்துடுவாரு," என்று தைத்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. "தேதியை மட்டும் விட்டுடாதே கண்ணு. மத்த கஷ்டமெல்லாம் எனக்குப் பழகினதுதான்," என்றாள்.

போனில் சொல்லலாம். ஆனால் அவள் போய் நிற்கும் அடுத்த வக்கீலுக்குக் காகிதம் வேண்டும். ஆபீஸ் தாளை விட்டுவிட்டு வெள்ளைத்தாள் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பழகிய வரிசைப்படியே எழுதினேன்: நாள், விளிப்பு, விஷயம். கெடு ஒன்பதாம் தேதி. புத்தகத்தில் தவறாக ஏறியது. அது தவறு என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. வேறு வக்கீலிடம் உடனே போங்கள். இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்கிறேன். இணைப்பு: திருத்தச் சீட்டு, ஒன்று. "மன்னித்துவிடுங்கள்" என்று எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

தெருமுனைத் தபால் பெட்டியிலேயே போட்டிருக்கலாம். ஆனால் இதில் ஐயாவின் தவறும் இருக்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால் அனுப்ப மனம் வரவில்லை. மூன்றரை மணிக்கு அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

எந்தக் கடிதமானாலும் நாள், விலாசம், இணைப்பு மூன்றையும் அவர் சரிபார்ப்பார். இதையும் கண்ணருகே வைத்து மெதுவாக முழுக்கப் படித்தார். பிறகு சீட்டைப் பிரித்தார்.

"இது அன்னைக்கே எழுதினதாம்மா?"

"ஆமாங்கய்யா."

"ஏன் குடுக்கல?"

நான் மேஜையிலிருந்த தேதிப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"எனக்காகவா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"குடுத்திருந்தா ஒரு திங்கக்கிழமை தலை குனிஞ்சு உக்காந்திருப்பேன். அவ்வளவுதானேம்மா." சீட்டைக் கடிதத்தின் மேல் வைத்து, "இப்ப போறது அந்தம்மா வீடு," என்றார்.

உள்ளே பெரியவர் யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. இந்தக் கடிதத்துக்குப் பிறகு இங்கே எனக்கு நாற்காலி இருக்காது. என் டிராயரை மத்தியானமே ஒழித்துவைத்துவிட்டேன்; அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஐயா கடிதத்தையும் சீட்டையும் ஒன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். பசை தடவி, கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தினார். தபால் பதிவேட்டைத் திறந்தவர், பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"தேதியும் நம்பரும் நீங்களே எழுதுங்க. என் கண்ணை நம்பாதீங்க."

பக்கம் முழுக்க அவருடைய கையெழுத்து. அதற்குக் கீழே எழுதினேன். ஒவ்வோர் எண்ணாகச் சொல்லிச் சொல்லி எழுதச் சொன்னார். விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தார். உறையைத் தபால் பையில் போட்டு வாயைக் கட்டினார். நாலு மணிக்குத் தபால்காரர் வந்து பையை எடுத்துக்கொண்டு போனார்.