இஸ்திரி போட்ட சீருடை

மகளைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். வகுப்பில் ஒருவனை அறைந்துவிட்டாள். அம்மா இதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. காலையில் சீருடையை இஸ்திரி போட்டு நீட்டினாள்.

"எங்க போறதுக்கு?"

"வாயை மூடிக்கிட்டு மாட்டு. தெரு பாக்கும்ல."

அண்ணனையும் முன்பு பள்ளியில் இப்படித்தான் வெளியே நிறுத்தினார்கள். அம்மா வேலைக்குப் போய்விட, அவன் பகலெல்லாம் பாலத்தடியில் கிடந்தான். அங்கே கிடந்தவர்களைப் போலீஸ் ஒருநாள் மொத்தமாக அள்ளியது. ஸ்டேஷனில் பேர் ஏறியது. அதன்பின் எங்கே எது திருடுபோனாலும் இவர்கள் கதவைத்தான் தட்டினார்கள். இப்போது ஜெயிலில் இருக்கிறான். மகளைத் தனியாக விட அம்மாவுக்குத் தைரியமில்லை. தான் வேலைசெய்யும் சலவைக்கூடத்துக்கே கூட்டிப்போனாள்.

உள்ளே ஒரே நீராவி. ஆட்களின் உடல் கரைந்து தலைகள் மட்டும் மிதந்தன. ஆஸ்பத்திரி விரிப்புகள் சூடான உருளைக்குள் நுழைந்து, மறுபக்கம் நிலா வெளிச்சம்போல வழுக்கி வந்தன. துவைத்த துணிக் குவியலில் மகள் புதைந்து தூங்கிப்போனாள். கனவில் அண்ணன் விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தான். மடிக்க மடிக்க அது நீண்டுகொண்டே போனது. அவன் தூரத்தில் சின்னதாகிக்கொண்டே சிரித்தான். "இழுடி சோம்பேறி!"

வியர்த்து விழித்தவள் காற்றுக்காகப் பின்வாசலில் போய் நின்றாள். தெருவில் போன ஜீப் நின்றது.

"ஸ்கூல் நேரத்துல இங்க என்ன பண்றே?" போலீஸ்காரர் இறங்கினார். வீட்டு விலாசம் சொன்னதும் அவர் முகம் மாறியது. "ஓ, அவன் தங்கச்சியா? ஏறு வண்டியில."

அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். "சார், என் பொண்ணு! ஸ்கூல்ல சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. அதான் என்கூட வச்சிருக்கேன்."

கத்தியே விட்டாள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அப்புறம் எதுக்கு யூனிஃபார்ம்? கட் அடிச்சிட்டுச் சுத்துதுன்னுதானே நெனைப்பேன்?"

அம்மாவோடு வேலைசெய்பவள் எட்டிப்பார்த்தாள். "நாள் பூரா ஊர் அழுக்கை வெளுக்கறோம் சார். எங்க வீட்டு அழுக்கை வெளிய காட்டிக்க முடியுமா?"

அவர் சிரிக்காமலிருக்கப் பார்த்தார். "இன்னொரு தடவை தெருவுல பாத்தேன், பேரை எழுதிடுவேன்." ஜீப் போய்விட்டது.

மறுநாள் சீருடை ஆணியிலேயே தொங்கியது. வீட்டுச்சட்டையில் இருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டுக்காரி கேட்டாள்: "என்ன, இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?"

"சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கக்கா. ஒருத்தனை அடிச்சுட்டா. என்கூடத்தான் இருப்பா. போலீஸ் வந்து கேட்டா நீங்களும் சொல்லுங்க."

எதிர்வீட்டுக்காரி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "பலமா அடிச்சியாடி?"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிடித்த கையை மட்டும் விடவில்லை.